சத்தம் போடாத அலை

மிளகின் வீட்டுக் கூடத்தில் ஒரு குட்டிக் கடல் இருந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் உப்புத் தண்ணீர், இரண்டு ஆரஞ்சு மீன்கள், பாறை மேல் ஒரு பச்சைப் பவளம். மிளகு என்பது அவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். ஆள் சின்னது, காரம் அதிகம்!

பவளம் என்றால் மாலையில் கோக்கிற பவளம் இல்லை, உயிருள்ளது. கட்டைவிரல் அளவில் வாங்கி வந்து, அப்பா அதைப் பிள்ளையைப் போல வளர்த்திருந்தார். இப்போது அதன் விரல் போன்ற கிளைகள் சுருங்கி, மேலெல்லாம் அழுக்கு படிந்து கிடந்தது.

"மனசே கேக்கல," என்றார் அப்பா. ரொட்டிக் கடையில் இரவு வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை வளர்ப்பு மீன் கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாம். அங்கயாவது பிழைக்கட்டும்."

மிளகு கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். "ஏன்பா இப்படி ஆச்சு?"

"அதால நகர முடியாதுல்ல? சாப்பாடு கொண்டு வர்றதும் தண்ணிதான், அழுக்கைத் தள்ளிட்டுப் போறதும் தண்ணிதான். அதுக்குத்தான் தொட்டியில மோட்டார் நாள்பூரா ஓடுதே! எனக்கு ஒண்ணும் புரியல." கொட்டாவி விட்டபடி கூடத்து சோபாவில் சாய்ந்தார். படுக்கையறைப் பக்கம் பகலெல்லாம் பஸ் இரைச்சல். அதனால் அவருக்குக் கூடத்தில்தான் தூக்கம்.

அன்று பள்ளியை அரை நாளில் விட்டுவிட்டார்கள். மிளகு வீட்டுக்கு வந்தால், மோட்டார் ஓடவில்லை. யாரோ சுவிட்சை அணைத்திருந்தார்கள்.

சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, மோட்டாரை யாரு நிறுத்தினது?"

"மெதுவாப் பேசுடி! நான்தான். டர்ருன்னு கத்துது, உங்கப்பா தூங்க வேணாமா? தினமும் அவர் கண்ணசந்ததும் நிறுத்துவேன். எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி போட்டுடுவேன்."

மிளகு விஷயத்தைச் சொன்னாள். அம்மாவின் முகம் வாடிப்போனது. "ஐயையோ! அவர் ஆசையா வளர்த்ததையே கொல்லப் பார்த்தேனே."

"விடும்மா. நீ வேணும்னா செஞ்சே?" என்று மிளகு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மோட்டார் ஓடினால் அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. நின்றால் பவளத்துக்கு உயிர் இல்லை. அவள் யார் பக்கம் பேசுவாள், பாவம்!

பூனை நடை நடந்து போய்த் தொட்டியை உற்றுப் பார்த்தாள். மோட்டாரின் விசிறி முழுக்க ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அம்மா, நம்ம கெட்டில் அடியில படியுமே, அதே மாதிரி! அதான் சுத்த முடியாம முனகுது," என்று பின்னால் வந்த அம்மாவிடம் கிசுகிசுத்தாள்.

"கெட்டிலுக்கு நான் வினிகர் ஊத்துவேனே!" என்றாள் அம்மா.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அம்மா மோட்டாரை வெளியே எடுத்தாள். வினிகரில் ஊறவைத்ததும், மிளகு பழைய பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தாள். நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, திரும்ப மாட்டினார்கள். சத்தம் போன இடம் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் பாய்ந்த வேகத்தில் ஒரு மீன் குட்டிக்கரணமே போட்டது!

"மூஞ்சிக்கு நேரா அடிச்சா யாரு தாங்குவா? அந்தப் பக்கக் கண்ணாடியைப் பாத்து வைம்மா," என்றாள் மிளகு.

அம்மா திருப்பி வைத்தாள். கண்ணாடியில் மோதித் திரும்பிய தண்ணீர், பவளத்தை மெல்லத் தடவிக்கொண்டு போனது. மிளகு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா அலறிக்கொண்டு எழுந்தார். "ஐயோ, மோட்டார் நின்னுபோச்சு! சத்தமே காணோம்!"

விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தவர், தொட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அழுக்கெல்லாம் போயிருந்தது. பவளத்தின் ஒரே ஒரு விரல் வெளியே நீண்டு, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா நடந்ததையெல்லாம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார், கண் மட்டும் தொட்டியை விட்டு நகரவில்லை.

"அப்பா, ஞாயித்துக்கிழமை மீன் கடைக்குப் போகணும்னீங்களே?" என்றாள் மிளகு.

"எதுக்கு?" என்றார் அப்பா.