ஒன்பதாவதாக யார் நிற்பது?

கோராவின் கடிதத்தை மிஸ் தாக்ஸ்டர் வகுப்பில் உரக்கப் படித்தார். அதை முதலில் தனியாக ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம்.

"'எல்லாருக்கும் வணக்கம். டாக்டர் இன்னும் என்னை மல்லாக்கப் படுக்கத்தான் சொல்றார். அதனால நீங்க அனுப்பின முப்பத்திரண்டு போட்டோவையும் நர்ஸ் என் தலைக்கு மேல கயிறு கட்டி மாட்டியிருக்காங்க. கண்ணைத் திறந்தா நீங்கதான். ஆனா ஒரு சங்கதி. நீங்க கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போயிட்டிருக்கீங்க. ஈடித் ஆபட் அப்படியே இருக்கா. ஃபோகர்ட்டி வரைக்கும் எல்லாரும் பளிச்சுனு இருக்கீங்க. காக்னன் பனிமூட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கான். ஜுல்மிராவுக்கு ஒரு கன்னம் இல்ல. வெண்டலுக்கு ரெண்டு காது மட்டும்தான் மிச்சம். மிஸ், உங்க...'"

மிஸ் தாக்ஸ்டர் நிறுத்திவிட்டார். முன் வரிசையில் இருந்த ஈடித் எட்டிப் பார்த்தாள். பிறருக்கு உதவுவதில் அவளுக்கு எப்போதும் ஆர்வம் அதிகம்.

"'உங்க மூக்குக்கண்ணாடி மட்டும் தனியா நிக்குது'ன்னு எழுதியிருக்கு மிஸ்."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. மிஸ் தாக்ஸ்டரின் முகம் காதுவரை சிவந்தது.

"ஜுல்மிரா மெடேரோஸ், எழுந்திரு."

ஜுல்மிரா எழுந்தாள். அவளுக்குப் பத்து வயது. அதிகம் பேசமாட்டாள். பேசினால் பெரும்பாலும் கேள்விதான் கேட்பாள்.

கோடை விடுமுறையில் அவர்கள் வகுப்புத் தோழி கோராவுக்குப் போலியோ வந்தது. அவர்களுடைய கேம்பிரிட்ஜ் நகரத்திலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாஸ்டன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் செப்டம்பரில் மிஸ் தாக்ஸ்டர் பள்ளியின் புதிய கேமராவால் வகுப்பில் எல்லோரையும் தனித்தனியே படம் எடுத்து, கடைசியில் தன்னையும் எடுக்கச் சொல்லி, கோராவுக்கு அனுப்பினார். அது அறுபது நொடியில் படம் தரும் கேமரா. நாடாவை இழுக்க வேண்டும், அறுபது எண்ண வேண்டும், பின்பக்கக் கதவைத் திறந்து படத்தை உரித்தெடுக்க வேண்டும்.

அதோடு வேலை முடியாது. ஈர மருந்து ஊறிய ஒரு பூச்சுக் குச்சியால் படத்தின் மேல் ஓரத்திலிருந்து ஓரம்வரை துடைக்க வேண்டும். அந்தக் கேமராவைச் செய்யும் கம்பெனியில்தான் ஜுல்மிராவின் அம்மா வேலை பார்த்தார். அதனால் பூசும் பொறுப்பு ஜுல்மிராவுக்கு வந்தது.

"அழுத்தித் துடைக்க உனக்குச் சோம்பல். கோராவுக்கு இருக்கிறதே அந்தப் படங்கதான். உன்னால அதுவும் போச்சு" என்றார் மிஸ் தாக்ஸ்டர்.

"கை வலிக்கத் துடைச்சேன் மிஸ்."

"அப்புறம் ஏன் மறையுது?"

ஜுல்மிரா வாய் திறப்பதற்குள் மிஸ் கையை நீட்டித் தடுத்தார்.

"வெள்ளிக்கிழமை எல்லாரையும் மறுபடி எடுக்கப்போறேன். பூசற வேலை இனிமே வெண்டலுக்கு."

வெண்டல் யேட்ஸ் திரும்பிப் பார்த்தான். "என்னை மூக்கில்லாம பண்ணிட்டியே."

"காது இருக்குல்ல. உனக்கு அதானே பெருசு" என்றாள் ஜுல்மிரா.

அவள் உட்கார்ந்தாள். கோராவுக்கு அவள் அனுப்பியது அரை முகம். அதுவே போதாதென்று சோம்பேறிப் பட்டம் வேறு. அவள் எதற்கு வேண்டுமானாலும் திட்டு வாங்குவாள். செய்யாத குற்றத்துக்கு வாங்கினால் மட்டும் அவளுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காலை மிஸ் தாக்ஸ்டர், குடும்பப் பெயர்களின் ஆங்கில எழுத்து வரிசைப்படி, வருகைப் பதிவு எடுத்தார்.

"ஆபட்."

"இருக்கேன் மிஸ்."

"பாரோஸ்."

"இருக்கேன்."

"பர்க்..."

ஜுல்மிரா நிமிர்ந்தாள். அன்று படம் எடுத்ததும் இதே வரிசையில்தான். ஆபட் முதலில், வெண்டல் கடைசிக்கு முன், எல்லோருக்கும் கடைசியில் மிஸ். கோரா எழுதியதும் இதே வரிசையில்தான். ஃபோகர்ட்டி வரைக்கும் பளிச். காக்னன் பனிமூட்டம். அவளுக்கு ஒரு கன்னம் இல்லை. வெண்டலுக்குக் காது. மிஸ்ஸுக்குக் கண்ணாடி. பின்னால் போகப் போக மறைவும் கூடிக்கொண்டே போனது.

அவள் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினாள். ஃபோகர்ட்டி எட்டாவது ஆள்.

ஒரு பிலிம் பெட்டியில் எட்டுப் படம். ஒரு பெட்டியோடு ஒரு பூச்சுக் குச்சி. முப்பத்திரண்டு படத்துக்கு நான்கு பெட்டி, நான்கு குச்சி. ஆனால் அன்று மிஸ் தாக்ஸ்டர் அவளிடம் ஒன்றைத்தான் கொடுத்தார். பாதியில் அவள் காய்ஞ்சுபோச்சு என்றபோது, "இதுல இன்னும் ஈரம் இருக்கே, எதுக்குப் புதுசு? இன்னும் அழுத்து" என்று மற்ற மூன்றையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

மிஸ் தாக்ஸ்டர் அப்படித்தான். அவர் பிறந்த மாதிரியான பழைய குடும்பங்களில் எல்லோருமே அப்படித்தான். எதையும் எறியமாட்டார்கள். பழைய கடித உறையைப் பிரித்து உள்பக்கத்தில் கணக்குப் போடுவார். தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி மூன்று நிறத்தில் ஒரு சோப்பு வைத்திருந்தார். வகுப்பில் யாராவது புதுத் தாள் கேட்டால், கேட்டவரின் பழைய தாளை வாங்கி, எழுதாத ஓரம் எங்கே என்று காட்டுவார்.

ஜுல்மிரா கையைத் தூக்கினாள். "மிஸ், ஒரு கேள்வி."

"கேளு."

"குச்சி காய்ஞ்சுபோயிருந்தா, எவ்வளவு அழுத்தினாலும் பூச்சு பிடிக்குமா?"

மிஸ் தாக்ஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உன் சோம்பலுக்குக் குச்சி மேல பழி போடறியா?"

"இல்ல மிஸ், கோராவோட கடிதத்துல..."

"வெளிய போய் நில்லு."

வராந்தாவில் எல்லோருடைய கம்பளிக் கோட்டுகளும் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தன. ஈர நாய் வாசனை. ஜுல்மிரா அவற்றின் நடுவே நின்று பல்லைக் கடித்தாள்.

அந்தக் கேமரா எப்படி வந்தது என்று கேம்பிரிட்ஜ் நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஒரு சின்னப் பெண் விடுமுறைக்குப் போன இடத்தில் தன் அப்பாவிடம், "எடுத்த படத்தை ஏன் இப்பவே பார்க்க முடியல?" என்று கேட்டாளாம். அவர் அதையே யோசித்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தாராம். அப்புறம் கேமராவைக் கண்டுபிடித்தாராம். கதை கேட்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணை மெச்சுவார்கள்.

அவள் ஒரு கேள்வி கேட்டாள், கேமரா வந்தது. நான் ஒரு கேள்வி கேட்டேன், வராந்தா வந்தது. என்ன நியாயம் இது?

அன்று மாலை கீரை சூப்பில் தொத்திறைச்சியை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, பாதிக் கதையிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பத்திரண்டு படத்துக்கு ஒரே குச்சியா? நாள் முழுக்க ஒரு பெட்டிக்கு ஒண்ணுன்னு இந்தக் கையால வெக்கிறேன். அழகுக்கா வெக்கிறேன்?"

"குச்சி எதுக்கும்மா? பூசாம விட்டா என்ன?"

"கேளு. போர் சமயத்துல நாங்க விமானிங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி செஞ்சோம். போன வருஷம் சினிமாக் கொட்டகைக்கு அட்டைக் கண்ணாடி செஞ்சோம், அதைப் போட்டுக்கிட்டா திரையில இருக்கிற ரயில் மேல வந்து விழற மாதிரி இருக்கும். அதெல்லாம் சுலபம். இந்தப் படம்தான் படுத்திச்சு. முதல்ல பழுப்பு நிறப் படம். அது நல்லாத்தான் இருந்துச்சு. சனங்க கறுப்பு வெள்ளை கேட்டாங்க. கொடுத்தாங்க. கொஞ்ச மாசத்துல கல்யாணப் படத்துல மாப்பிள்ளை இருக்கார், பொண்ணைக் காணோம்."

ஜுல்மிரா சிரித்துவிட்டாள்.

"சிரி சிரி. மூட்டை மூட்டையா கடிதாசி வந்துச்சு. ஆய்வுக்கூடத்துல இருந்தவங்க சோறு தண்ணி இல்லாம யோசிச்சுக் கண்டுபிடிச்சதுதான் இந்தக் குச்சி. படத்து மேல ஒரு மெல்லிசுத் தோல் போட்ட மாதிரி ஆகும். காத்து உள்ள போகாது. அதுல எட்டுப் படத்துக்குத்தான் மருந்து இருக்கு. ஒன்பதாவதுக்கு வெறும் குச்சியாலதான் சொறியணும்." அம்மா ஏப்ரனை அவிழ்த்தார். "நாளைக்கு நான் வரேன். உங்க மிஸ்ஸை நான் பார்த்துக்கறேன்."

"வேணாம்மா."

"ஏன்?"

"நீ வந்தா அவங்க உன்கிட்ட மரியாதையா பேசுவாங்க. என்னைச் சோம்பேறின்னு சொன்னது அப்படியே இருக்கும்."

அம்மா ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டு, சூப்பில் அவளுக்கு ஒரு துண்டு கூடுதலாகப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, மணியடிக்கும் முன் ஜுல்மிரா வெண்டலைப் பிடித்தாள்.

"இன்னிக்கும் பிள்ளைங்கள்ல நீதான் கடைசி ஆள். இன்னிக்கும் ஒரே குச்சிதான். யோசிச்சுக்கோ."

அவள் எட்டுக் கணக்கைச் சொன்னாள். வெண்டல் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மணியடிப்பதற்குள் விஷயம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது.

மிஸ் தாக்ஸ்டர் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டார். கேமராவை முக்காலியில் பொருத்தினார். ஒரு குச்சியை வெண்டல் கையில் கொடுத்தார். "பதிவேட்டு வரிசையில வாங்க."

ஈடித் ஆபட் வந்து உட்கார்ந்து சிரித்தாள். எல்லோரும் சேர்ந்து அறுபது எண்ணினார்கள். பாரோஸ் வந்தான். பர்க் வந்தாள். எட்டாவதாக ஃபோகர்ட்டி எழுந்தபோது அவன் சட்டையை யாரோ பின்னால் இழுத்தார்கள்.

"டேய், என்னை முன்னால விடு."

"முடியாது. எங்க தாத்தா ஃபோகர்ட்டியா பொறந்தார், அதனால நான் எட்டு" என்று அவன் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டான்.

"காக்னன்" என்று கூப்பிட்டார் மிஸ்.

காக்னன் அசையவில்லை. "வேணாம் மிஸ். எனக்கு ஏற்கெனவே பனிமூட்டம்."

"என்ன? சரி, அடுத்த ஆள் வா."

அடுத்தவள் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்தவன் தனக்குக் கால் மரத்துப்போனதாகச் சொன்னான். நாற்காலி காலியாகவே கிடந்தது.

"இதை ஆரம்பிச்சது யாரு?"

ஜுல்மிரா எழுந்தாள். குரல் நடுங்கும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கோபம் அதைத் தாங்கிப் பிடித்தது.

"நான்தான் மிஸ். ஒரு குச்சில எட்டுப் படத்துக்குத்தான் மருந்து. கோராவோட கடிதத்தைப் பதிவேட்டோட வெச்சுப் பாருங்க. எட்டுப் பேர் நல்லா இருக்காங்க. அதுக்கப்புறம் யாருமே நல்லா இல்ல. கடைசில இருந்த உங்களுக்குத்தான் ரொம்ப மோசம். அன்னிக்கே காஞ்சுபோச்சுன்னு சொன்னேன். இன்னும் அழுத்துன்னீங்க. அழுத்தினேன்."

"ஒரு பொருளை மிச்சம் பிடிக்கிறது தப்பில்ல, ஜுல்மிரா."

"நீங்க மூணு குச்சி மிச்சம் பிடிச்சீங்க மிஸ். இருபத்திநாலு படம் வீணாப்போச்சு. இது மிச்சமா?"

ஈடித்கூட எதுவும் சொல்லி உதவவில்லை.

மிஸ் தாக்ஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த கோராவின் கடிதத்தை எடுத்தார். பதிவேட்டைத் திறந்தார். ஒரு விரல் அதில், ஒரு விரல் இதில். உதடுகள் மெல்ல அசைந்தன. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

பிறகு சாவியைத் திருகி இழுப்பறையைத் திறந்தார். மூன்று நிறச் சோப்புக்குப் பக்கத்தில் ஆறு பூச்சுக் குச்சிகள், மூடியைப் பிரிக்காமல், வரிசையாக இருந்தன. செப்டம்பரில் மிச்சம் பிடித்தவை மூன்று. அன்று காலை மிச்சம் பிடித்தவை மூன்று.

"வெண்டல், நீ அறுபது எண்ணு. ஜுல்மிரா, நீ இங்க வா."

வெண்டல் குச்சியை அவளிடம் கொடுத்தபோது அவன் கை விரலெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. "பரவால்ல, நீயும் பூசு. ஓரத்துலேர்ந்து ஓரத்துக்கு. நடுவுல நிறுத்தாதே" என்று அவனுக்கும் காட்டினாள்.

எட்டுப் படத்துக்கு ஒருமுறை அவள் பழைய குச்சியைக் குப்பைக்கூடையில் போட்டாள். ஒவ்வொரு முறையும் மிஸ் தாக்ஸ்டரின் கை கூடையை நோக்கி லேசாக நீண்டது. நீண்ட கையை அவரே மடக்கிக்கொண்டார்.

மதியத்துக்குள் முப்பத்திரண்டு படங்களும் ஜன்னல் விளிம்பில் காய்ந்துவிட்டன. வெண்டலுக்கு மூக்கு இருந்தது. மிஸ்ஸுக்கு முகம் இருந்தது. மூக்குக்கண்ணாடி அதற்கு நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

மிஸ் தாக்ஸ்டர் பார்சலோடு வைக்க ஒரு கடிதம் எழுதினார். வழக்கம்போல ஏதோ ஒரு பழைய அறிவிப்பின் பின்பக்கத்தில். எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். ஜுல்மிராவின் முறை வந்தது. அவள் படித்தாள்.

"அன்புள்ள கோரா, முன்பு அனுப்பிய படங்கள் கவனக்குறைவால் மங்கிவிட்டன. இவை மங்காது."

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"என்ன?" என்றார் மிஸ்.

"யாரோட கவனக்குறைவுன்னு எழுதலையே மிஸ்."

"பொதுவா எழுதியிருக்கு."

"பூசினது நான்னு கோராவுக்குத் தெரியும். அவ நான்னுதான் நினைப்பா. அவளால வேற எங்கயும் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது."

மிஸ் தாக்ஸ்டர் கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடித்துத் திருத்த ஓரத்தில் நிறைய இடம் இருந்தது. அவர் அதை இரண்டாகக் கிழித்தார். அலமாரியிலிருந்து புத்தம்புதிய தாள் ஒன்றை, இரண்டு பக்கமும் வெறுமையான முழுத்தாளை, எடுத்து மேசைமேல் வைத்தார். வகுப்பில் யாரோ "அம்மாடி" என்றார்கள்.

அவர் நிதானமாக எழுதினார். "அன்புள்ள கோரா, முன்பு அனுப்பிய படங்கள் என் கவனக்குறைவால் மங்கிவிட்டன. நான் ஜுல்மிராவைக் குறை சொன்னேன். அவள்மேல் தவறில்லை. இந்தப் படங்கள் மங்காமல் இருப்பதற்கு அவள்தான் காரணம்."

"இப்ப சரியா?"

"சரி மிஸ்."

"எல்லாரும் திரும்பவும் கையெழுத்துப் போடணுமா?" என்று முனகினான் வெண்டல்.

ஜுல்மிரா முதல் ஆளாகப் போட்டாள். தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, பெயர் முழுவதையும், பெரிதாக. மற்ற முப்பது பேரும் அதற்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருந்தது.