அலமாரிக்குள் ஒரு வகுப்பு

அப்பா மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துபவர். கல்லூரியில், பெரிய பிள்ளைகளுக்கு. அவர் பேச்சைக் கேட்டவர்கள், காலடியில் இவ்வளவு விஷயம் கிடக்கிறதா என்று ஒரு முறையாவது குனிந்து பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட அப்பா இப்போது துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

காரணம் கல்லூரிதான். 'இனிமேல் எல்லாப் பாடமும் இணையத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஸ்லைடுகளுக்கு உங்கள் குரலைச் சேர்த்து அனுப்புங்கள்' என்று சொல்லிவிட்டது. அறைக்கு நடுவில் நின்று பேசினால் குரல் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. துணிகளுக்கு நடுவில் பேசினால் எதிரொலி இல்லை. ஆகவே லேப்டாப் அலமாரியின் நடுத்தட்டில். மைக் அம்மாவின் கோட்டுகளுக்கு இடையில். அப்பாவின் தலை உள்ளே. மீதி அப்பா வெளியே.

"என் கோட்டெல்லாம் இந்த வருஷம் பரீட்சை எழுதி பாஸ் பண்ணிடும் போல," என்றாள் அம்மா.

இந்த வேலையில் அப்பாவுக்கு ஓர் உதவியாளர் உண்டு. வயது பத்து. வீட்டில் அவளைக் 'கத்தரி' என்று கூப்பிடுவார்கள். மூன்று வயதில் ஜன்னல் திரையை வெட்டிப் பொம்மைக்குச் சட்டை தைக்கப் பார்த்தாள். சட்டை வரவில்லை. பெயர் வந்தது.

கத்தரிக்கு ஒரு தம்பி. அவன் பெயர் ரேடியோ. அவனை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கத்தரிக்கு இரண்டு பொறுப்புகள். முதலாவது, பக்கம் பார்ப்பது. ஒரு ஸ்லைடு மறைந்து அடுத்த ஸ்லைடு வரும் அந்தச் சின்ன இடைவெளியில் கம்ப்யூட்டர் காதைப் பொத்திக்கொள்ளும். அப்போது என்ன பேசினாலும் பதிவாகாது. அப்பாவுக்கோ வகுப்பில் பேசிக்கொண்டே பக்கத்தைத் தள்ளிப் பழக்கம். வாக்கியம் முடிவதற்குள் விரல் முந்திக்கொள்ளும். வாக்கியத்தின் வால் காணாமல் போய்விடும்.

"அப்பா! பக்கம்!" என்று கத்துவாள் கத்தரி.

"ஐயோ, ம... ம... மறந்துட்டேன்," என்பார் அப்பா.

அப்பாவுக்குச் சில சொற்கள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கல்லூரியிலும் அது ஒரு விஷயமே இல்லை. மேஜை மேல் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். அதற்குள் மண், அடுக்கு அடுக்காக, கேக் மாதிரி. சொல் மாட்டிக்கொண்டால் அப்பா ஜாடியை விரலால் தட்டுவார். டிங். டிங். சொல் வந்துவிடும். அதுவரை பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

ஜாடியும் இப்போது அலமாரிக்குள் இருந்தது.

கத்தரியின் இரண்டாவது பொறுப்பு, வேண்டாத சத்தங்களை நீக்குவது. பதிவு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். திரையில் குரல் குட்டிக் குட்டி மலைகளாகத் தெரியும். தெருவில் போன லாரியின் ஹார்ன் ஒரு மலை. பக்கத்து வீட்டு நாய் மூன்று மலை. ரேடியோ உள்ளே வந்து, "அப்பா, மண்ணுக்குப் பசிக்குமா?" என்று கேட்டது ஒரு மலைத்தொடர். எல்லாவற்றையும் வெட்டி எறிய வேண்டும்.

முதல் பாடத்தை வெட்டும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

'க... க... க... டிங்... களிமண்.' முன்னால் இருந்த குட்டி மலைகளை மட்டும் வெட்டினாள். போட்டுக் கேட்டாள். 'களிமண்.'

அடேங்கப்பா!

கத்தரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்ததையும் வெட்டினாள். அதற்கு அடுத்ததையும். டிங்குகளை வெட்டினாள். மூச்சு வாங்கியதை வெட்டினாள். நடுவில் அப்பா ஒரு கதை சொல்லியிருந்தார். சின்ன வயதில் டீச்சர் ஏதோ கேட்டார்களாம், அப்பாவுக்குப் பதில் தெரியுமாம், வாயில் வரவில்லையாம், எழுந்து வெளியே ஓடினாராம். அந்தக் கதை முழுக்க மாட்டல்தான். ஸ்லைடிலும் அது இல்லை. முழுசாகக் கேட்காமலேயே வெட்டினாள்.

பிறகு 'சேமி' என்பதை அழுத்தினாள். பழைய பதிவின் மேலேயே புதியது போய் உட்கார்ந்துகொண்டது.

"அப்பா, ரெடி! கேட்டுப் பாருங்களேன்!"

"வேணாம்மா. என் குரல நானே கேட்டா, யாரோ தெரியாத ஆளு வீட்டுக்குள்ள பு... புகுந்த மாதிரி இருக்கும். நீ கேட்டல்ல? போதும்," என்று அப்பா அதை அப்படியே கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்.

தானாகக் கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும் என்று கத்தரியும் பேசாமல் இருந்தாள். அன்று அவள் மிகவும் நல்ல பிள்ளையாக உணர்ந்தாள்.

மறுநாள் மாலை பிள்ளைகளிடமிருந்து செய்திகள் வந்தன. அப்பா போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

"'சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?' நல்லாத்தானே இருக்கேன். 'சார், பாடம் நடத்துறது யாரு? புது சாரா?' என்ன கேக்குறாங்க இவங்க? 'சார், நீங்க எப்ப தி... திரும்பி வருவீங்க?'"

அப்பா போனைக் கீழே வைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பாடத்தைப் போட்டார்.

கத்தரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ இப்போது சிரிப்பார். இதோ இப்போது.

அப்பா கடைசி வரை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி, வயரை மெதுவாகச் சுற்றினார்.

"ரொம்ப சுத்தமா இருக்கு," என்றார்.

"பிடிக்கலையாப்பா?"

"அதெல்லாம் இல்ல. பழசு இருக்கா?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"ஓ."

"நல்லதுக்குத்தான்பா பண்ணேன்."

"தெரியும்மா."

திட்டியிருந்தால் தேவலை. திட்டினால் பதிலுக்கு அழலாம். 'தெரியும்மா' என்றால் என்ன செய்வது?

"பாடம் பாதியா சு... சுருங்கிடுச்சு," என்றார் அப்பா, கொஞ்சம் சிரிக்கப் பார்த்தபடி. "நான் அவ்வளவு இடத்த அடைச்சிருக்கேன் போல."

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த நாள் அப்பா அலமாரிப் பக்கமே போகவில்லை. கம்ப்யூட்டரிலேயே படிக்கும் குரல் ஒன்று இருந்தது. எழுதியதைக் கொடுத்தால் அதுவே படித்துவிடும். எங்கேயும் மாட்டாது. அப்பா அடுத்த பாடத்தை அதனிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் குரல் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி பேசியது. "மண்புழு, மண்ணின், நண்பன்," என்று அது சொன்னபோது, மண்புழு இரண்டாவது நடைமேடைக்குத் தாமதமாக வந்து சேரும் என்று தோன்றியது. "படம் எட்டு. இடப்பக்கம். அம்புக்குறி," என்று, படிக்கக் கூடாததையெல்லாம் படித்தது.

ரேடியோவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அம்மா, எனக்கு, தண்ணீர், வேண்டும். அம்புக்குறி," என்று வீடு முழுக்கச் சுற்றினான்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா சாப்பிடும்போதும் பேசவில்லை. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

கத்தரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் மாட்டிக்கொள்ளும் சொல்லே இல்லாமல் போய்விட்டது. சொல்லே இல்லாததால்.

அவள் தான் வெட்டிய பாடத்தை மறுபடி போட்டுக் கேட்டாள். முன்பு கேட்டபோது அருமையாக இருந்தது. இப்போது என்னவோ செய்தது. அதில் பேசுகிறவர் மூச்சே விடவில்லை. யோசிக்கவில்லை. யாரோ துரத்துகிற மாதிரி ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவினார். அப்பா மாதிரிதான் இருந்தது. அப்பாவாக இல்லை.

அந்தக் கதை வரவேண்டிய இடம் வந்தது. கதை இல்லை. டீச்சர் கேட்டார்கள். அப்பா ஓடினார். அப்புறம்? அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். கத்தரி பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, டீச்சர் கேட்டதும் நீங்க வெளிய ஓடினீங்கல்ல. அப்புறம் என்ன ஆச்சு?"

"அதான் அதுல சொ... சொன்னேனே," என்றார் அப்பா.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

கத்தரி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒரு முறை அப்பாவின் வகுப்புக்குப் போயிருக்கிறாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று அப்பாவுக்கு இவ்வளவு மாட்டவில்லையே? மாட்டியபோதும் யாரும் நெளியவில்லை. ஒரு மாணவர் கன்னத்தில் கை வைத்தபடி, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி சாவகாசமாகக் காத்திருந்தார்.

இங்கே யார் காத்திருந்தார்கள்? கோட்டுகள் தொங்கத்தான் செய்யும். கத்தரியோ பின்னால் நின்றாள், எப்போது வெட்டலாம் என்று.

அவள் கீழ்த்தட்டில் இருந்த ஷூக்களை வெளியே எடுத்து வைத்தாள். உள்ளே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கோட்டுக் கை அவள் முகத்தில் தொங்கியது. அதை ஒதுக்கிவிட்டுக் கூப்பிட்டாள்.

"அப்பா!"

அப்பா வந்தார். அலமாரிக்குள் பார்த்தார்.

"அங்க என்ன பண்ற?"

"கிளாஸுக்கு வந்திருக்கேன்."

அப்பா வெளியே கிடந்த ஷூக்களைப் பார்த்தார்.

"சாரிப்பா," என்றாள் கத்தரி. "மாட்டிக்கற சொல்லெல்லாம் ஹார்ன் சத்தம் மாதிரின்னு நினைச்சுட்டேன்."

அப்பா தரையில் உட்கார்ந்தார். இப்போது இருவர் முகங்களும் ஒரே உயரத்தில் இருந்தன.

"நானும் ரொம்ப நாள் அ... அப்படித்தான் நினைச்சேன்," என்றார். "நீயும் அப்படி நினைக்கிறியோன்னு தோணினதும்தான் கொஞ்சம்..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அது மாட்டிக்கொண்டதால் அல்ல.

"முதல் பாடத்த மறுபடி எடுக்கலாம்பா. நான் கேக்கறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் கேக்கறேன். வெட்ட மாட்டேன். மவுஸ ரேடியோகிட்ட குடுத்துட்டேன்."

"அது அதைவிட ஆ... ஆபத்தாச்சே!"

வெளியே ரேடியோவின் குரல் கேட்டது. "மவுஸ், பத்திரமாக, உள்ளது. அம்புக்குறி."

அப்பா சிரித்துவிட்டார். இந்த முறை சிரிப்பு பாதியில் நிற்கவில்லை.

லேப்டாப்பைக் கீழே இறக்கி முக்காலியில் வைத்தார்கள். மைக்கைக் கோட்டுப் பொத்தானில் மாட்டினார்கள். ஜாடி அப்பாவின் மடியில். அப்பா திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. கத்தரியைப் பார்த்துப் பேசினார். மண் எப்படிப் பிறக்கிறது என்று சொன்னார். பாறை எப்படி உடையும், மழை எப்படி அதை இழுத்துப்போகும் என்று சொன்னார். தெருவில் லாரி போனது. போகட்டும் என்று விட்டார்கள்.

"இந்த மண்ணுக்குப் பேரு க... க..."

கத்தரிக்கு அந்தச் சொல் தெரியும். நாக்கின் நுனியில் இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

டிங்.

"க... களிமண். சின்ன வயசுல என் டீச்சர் இதைத்தான் கேட்டாங்க. பேரு தெரியும். வா... வாய்ல வரல. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் எழுந்து வெளிய ஓடி, ரெண்டு கை நிறைய அள்ளிட்டு வந்து, டீச்சர் மேஜை மேல டொ... டொப்புனு வெச்சேன்."

போன முறை இந்தக் கதை நீளமாக இருந்தது என்று கத்தரிக்கு ஞாபகம் இருந்தது. இன்னும் என்னென்னவோ வந்தது. அதெல்லாம் போனது போனதுதான்.

"டீச்சர் அதைப் பார்த்தாங்க," என்றார் அப்பா. கதை சொல்லும் உற்சாகத்தில் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஸ்லைடு நகர ஆரம்பித்தது. "'பதில் சரி, உ... உக்காரு. ஆனா மேஜைய நீதான் துடைக்கணும்'னாங்க."

கத்தரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அப்பா. பக்கம் திரும்பும்போது சொல்லிட்டீங்க. டீச்சர் சொன்னது பதிவாகல. மறுபடி போச்சு."

அப்பா திரையைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பரவால்ல," என்றார். "கி... கி..."

டிங்.

"கிளாஸ்ல இருந்தவங்களுக்குக் கேட்டுச்சில்ல?"

கோட்டுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த வகுப்பு முழுவதும், ஆமாம் என்று தலையை ஆட்டியது.