இரும்பு தொட்ட இடம்

அலறல் முதலில் வந்தது.

விழுந்த சத்தம் அப்புறம்தான்.

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு மனிதன் தரையைத் தொடுவதற்குள் முழுசாக ஓர் அலறலுக்கு நேரம் இருக்கிறது என்பதைக் கண்ணாடியக்கா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

கீழே, வணிக வளாகத்தின் கிரானைட் தரையில், அதன் மேனேஜர் கிடந்தார். அவரோடு விழுந்த கண்ணாடியும் பக்கத்திலேயே. நொறுங்கியிருந்தது, ஆனால் சிதறவில்லை. நடுவில் ஒட்டுத்தாள் வைத்துச் செய்த கண்ணாடி அப்படித்தான். உடைந்த பிறகும் ஒன்றாகவே கிடக்கும்.

சில குடும்பங்களைப் போல.

கண்ணாடியக்கா என்பது கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர். மாடி ஓரங்களில் கண்ணாடியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுமாகத் தடுப்பு போட்டுத் தரும் கம்பெனி அவளுடையது. வேலையை ஒப்படைக்கும் நாளில் அவளுக்கு ஒரு வழக்கம். மேல்மாடியின் நடுத் தடுப்பில் முதுகைக் கொடுத்து, மொத்த பாரத்தையும் போட்டுச் சாய்ந்து காட்டுவாள். "நான் சாயாத கண்ணாடியில யாரும் சாய வேண்டாம்" என்பாள். அந்தத் தொழிலில் அதுதான் அவளுடைய கியாரண்டி கார்டு.

அன்றும் சாயத்தான் போனாள். மேனேஜருக்கு விளையாட்டுப் புத்தி. என்னைத் தாங்கினால் யாரையும் தாங்கும் என்று தொப்பையைத் தட்டிக்கொண்டு முந்திக்கொண்டார்.

தாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜலதோஷத்தோடு வந்தார். தும்மிக்கொண்டே மேலே ஏறினார், தும்மாமல் இறங்கினார். கண்ணாடியைக் கவ்வியிருக்க வேண்டிய கிளிப்புகளில் திருகுகளே இல்லை. மேலே ஓடும் கைப்பிடிக் குழாயை இணைப்பிலிருந்து பிரித்து, சும்மா ஒப்புக்குப் பொருத்தி வைத்திருந்தார்கள்.

"இது அஜாக்கிரதை இல்லம்மா. பொறி. ஆனா எலி மாறிப்போச்சு." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "வழக்கமா அங்க சாயறது யாரு?"

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின மாலை எல்லாத் திருகுகளையும் கடைசியாக ஒரு முறை முறுக்கிவிட்டு, அந்த மாடியைப் பூட்டியிருந்தார்கள். சாவி மூன்று பேரிடம் இருந்தது. அவளிடம் ஒன்று. கணவரிடம் ஒன்று. தம்பியிடம் ஒன்று.

கணவரைப் பட்டறைக்காரர் என்பார்கள். குழாயை வளைப்பதும் பற்றவைப்பதும் பாலிஷ் போடுவதும் அவர் ராஜ்ஜியம். போன வருஷம் ஒரு சண்டையில், உனக்குப் புருஷன் எதற்கு, போர்மேன் போதும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பினார். வீட்டை விட்டுப் போனாரே தவிர, பட்டறையை விட்டுப் போகவில்லை. விவாகரத்து வழக்கு கோர்ட்டில் நடந்தது. பேச்சுவார்த்தை வெல்டர்கள் மூலமாக நடந்தது.

தம்பி? அம்மா போனபோது அவள் இடுப்பில் இருந்தவன். அவளே சோறூட்டி, அவளே இன்ஜினியரிங் படிக்க வைத்து, ஆபீஸில் வரைபட மேஜையைப் போட்டுக் கொடுத்து உட்கார வைத்த பிள்ளை.

அன்று மாலை அவன்தான் காப்பியை ஆற்றி அவள் கையில் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டான்.

"மாமா மேல சந்தேகப்படறேன்னு நினைச்சுக்காதேக்கா... ஆனா அந்த மாடித் திருகையெல்லாம் கடைசியா முறுக்கினது அவர்தானே?"

அவள் கையிலேயே காப்பி ஆறிப்போனது.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். விழுந்த கைப்பிடிக் குழாய் அவர் மேஜை மேல் கிடந்தது. அதன் ஒரு முனையில், விரலகலத்துக்கு, செம்புள்ளிகள்.

"துருப் பிடிக்காத ஸ்டீலுன்னுதானேம்மா விக்கறீங்க?"

"தானாப் பிடிக்காது சார். சாதா இரும்பு உரசினா அதோட தூள் ஒட்டிக்கும். அந்தத் தூள்தான் துருப்பிடிக்கும்."

"அப்ப கெட்ட சகவாசம்னு சொல்லுங்க."

அவள் குனிந்து பார்த்தாள். குழாயைப் பிரிக்கும்போது கீறல் விழுந்திருக்கிறது. அந்தக் கீறலை மறைக்க, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் எவனோ தேய்த்திருக்கிறான். அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பட்டறைக்காரர் இரும்பு நாரை வாசற்படி தாண்ட விடமாட்டார். ஸ்டீலுக்கென்று தனிச் சுத்தியல், தனி ரம்பம், தனி நைலான் நார். மடியும் ஆசாரமும் பார்க்கிற மாமியார்கூட அவரிடம் தோற்றுவிடுவாள்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கல்லைத் திரும்பத் தூக்கி வைத்தார்.

"தெரிஞ்சவன், தெரியாதவன் செஞ்ச மாதிரியும் செய்யலாம் இல்லையா?"

செய்யலாம். செய்வார். கோர்ட்டு வாசலில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. கோபம் குடியிருக்கும் வீட்டில் சந்தேகம் வாடகை கேட்காமலே குடிவந்துவிடும்.

அவளே ஒரு யோசனை சொன்னாள். பக்கத்துக் குழாயிலும் லேசாகப் புள்ளி தெரிகிறது, நாளை மாலை போலீஸ் அதைக் கழற்றி லேபுக்கு அனுப்பப்போகிறது என்று சொல்லி வைப்போம். குற்றமில்லாதவன் சும்மா இருப்பான். செய்தவன் அதற்குள் துடைக்க வருவான்.

"ரெண்டு சாவிக்காரங்ககிட்டயும் சொல்லணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தம்பிகிட்ட எதுக்கு சார்? அவன் குழந்தை."

"குழந்தைகிட்டயும் சொல்லுங்க."

வெல்டர் மூலமாகக் கணவருக்குச் சேதி போனது. தம்பியிடம் அவளே சொன்னாள். அவன் கவலைப்பட்டான். மாமா அவ்வளவு தூரம் போவாரா என்று அவளிடமே கேட்டான்.

மறுநாள் மதிய இடைவேளை. வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்றாவது மாடியில், திறக்காத ஒரு கடைக்குள், கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த செய்தித்தாளின் கிழிசல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இன்ஸ்பெக்டர், தும்மலை விழுங்கியபடி.

கணவர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வந்துவிட்டால் தேவலை என்றும் தோன்றியது. வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைக்கும்.

பூட்டு திறந்தது.

காலடி.

மெல்லிய விசில்.

பட்டறைக்காரருக்கு விசிலடிக்க வராது!

தம்பி நேராக அந்தக் குழாயிடம் வந்தான். இருபுறமும் பார்த்தான். பையிலிருந்து, ஸ்டீலில் கறை எடுக்கும் ஆசிட் பசை டப்பாவை எடுத்துத் திறந்து, துணியில் தொட்டுப் பரபரவென்று பூசினான்.

இன்ஸ்பெக்டர் அவளைத் தொட்டுத் தடுப்பதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

"டேய்... கையுறை போட்டுக்கோடா. ஆசிட். கை வெந்துடும்."

இருபத்தைந்து வருஷப் பழக்கம். வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் மனசுக்கு விஷயமே எட்டியது.

அவன் கையிலிருந்த துணி விழுந்தது.

"அக்கா... மாமா வந்தாரான்னு பாக்கத்தான்..."

"மாமா வந்தாரான்னு பாக்க எதுக்குடா பசை கொண்டுவந்த?"

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். படிக்கட்டைப் பார்த்தான். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அதற்குப் பிறகு அவன் முகத்திலிருந்த குழந்தை எங்கேயோ போய்விட்டது.

"நம்ம கம்பெனியை வித்துடலாம்னு எத்தனை தடவை கேட்டேன்? வாங்கறவங்க பெரிய கம்பெனி. என்னை டைரக்டராப் போடறேன்னாங்க. நீ எல்லார் முன்னாடியும் சிரிச்ச. முதல்ல ஒரு திருகு முறுக்கக் கத்துக்கோடான்ன."

"கத்துக்கிட்டியே. கழட்ட."

மீதியை அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். அவள் போய்விட்டால் கம்பெனி அவன் பெயருக்கு வரும்படி அவளே எழுதி வைத்திருந்தாள். விவாகரத்து கேட்டிருக்கும் புருஷன்மேல் பழி தானாகப் போய் உட்காரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பட்டறை நாரை எடுத்தால் மாமாவுக்குத் தெரிந்துவிடும் என்று, ஆபீஸில் காப்பித் தம்ளர் தேய்க்கும் நாரை எடுத்திருக்கிறான்.

"நான் வளர்த்தேன்டா உன்னை" என்றாள் அவள்.

"அதைத்தான் தினமும் சொல்லிக்காட்டினியே."

அந்த அடிதான் ஆழமாக இறங்கியது. அப்படிச் சொல்லியிருக்கிறோமா என்று அவள் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்வையை எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் பட்டறைக்காரர் மூச்சிரைக்க மேலே வந்தார். மற்றத் தடுப்புகளைச் சோதிக்க இன்ஸ்பெக்டர்தான் வரச்சொல்லியிருந்தார். போகிற போக்கில், அவள் இங்கே ஒளிந்திருந்தது யாரை எதிர்பார்த்து என்பதையும் கீழேயே சொல்லிவிட்டிருந்தார். போலீஸ்காரருக்கு வாயில் கிளிப் கிடையாது.

பட்டறைக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குழாயில் காய்ந்துகொண்டிருந்த பசையைக் கழுவினார். நிதானமாகத் துடைத்தார். அவளுக்கு முகம் நிமிரவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. நீங்கதான் வருவீங்கன்னு... காலையிலேர்ந்து இங்கயே உக்காந்து காத்துக்கிட்டிருந்தேன்."

ஒரு வருஷத்தில் அவள் நேராக அவரிடம் பேசிய முதல் வாக்கியம். அவர் துணியைப் பிழிந்து மடித்தார்.

"கல்யாணமானதுலேர்ந்து ஒரு நாளாவது எனக்காக நீ காத்துக்கிட்டிருக்க மாட்டியான்னு ஏங்கியிருக்கேன்" என்றார். "இன்னிக்குப் போய்க் காத்திருந்திருக்க... நான் வராமப் போயிட்டேன் பாரு."