மல்லாந்து படுத்தவள்

ராதிமின் வீடு ஆறாவது மாடியில். லிப்டு வேலை செய்தால் அது நல்ல நாள். அந்தத் திங்கட்கிழமை நல்ல நாள் இல்லை. யார்மிலா ஒரு கையில் ரொட்டிப் பை, இன்னொரு கையில் சாவி என்று மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, தம்பியை மனதாரத் திட்டிக்கொண்டே ஏறினாள். பூனை வளர்க்கக் கூடாதா? ஒரு கிளி வளர்க்கக் கூடாதா? பிர்னோவில் இத்தனை லட்சம் பேர் இருக்க, பாம்பும் சிலந்தியும் வளர்ப்பவன்தானா எனக்குத் தம்பியாக வாய்க்க வேண்டும்?

தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான். இதயத்தில் வால்வு பழுது. அடுத்த புதன்கிழமை அறுவைச் சிகிச்சை. டிராம் ஓட்டுகிறவன், ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருக்கும், நிச்சயம் வரைக்கும் இரண்டு முறை போனது. இரண்டு பெண்களும் அந்த உள்ளறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. ஈரத் தேங்காய் நார், சூடான தூசி, அடியில் லேசாக எலி வாடை. உள்ளறையில் திரைச்சீலை எப்போதும் மூடித்தான் இருக்கும். பெரிய கண்ணாடிப் பெட்டியில் ஷ்னூரா, ஆரஞ்சு நிறப் பாம்பு, கயிறு மாதிரி சுருண்டு கிடந்தது. செக் மொழியில் ஷ்னூரா என்றாலே கயிறுதான். பக்கத்துச் சின்னப் பெட்டியில் ரூஷேனா. உள்ளங்கை அகலச் சிலந்தி, பதினாறு வயது. மேலே சுவரில் ஒரு கார்க் பலகை. பட்டன் அளவிலிருந்து கை அளவு வரை பதினான்கு சிலந்திகளை ஊசி குத்தி, கீழே தேதி எழுதி வைத்திருந்தான். செத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறான், பைத்தியக்காரன் என்று யார்மிலா ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு ரூஷேனா மல்லாந்து கிடந்தது.

வெள்ளைப் பட்டு மாதிரி ஒரு விரிப்பைத் தானே பின்னி, அதன் மேல் எட்டுக் காலையும் விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. அசைவே இல்லை.

யார்மிலா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அவள் மூன்று மணி நேரம் நின்று பொரித்த கெண்டை மீன் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, ரூஷேனாவுக்குக் குளிரும் என்று சூட்டு விளக்கை மாற்ற ஓடியவன் அவன். அக்காவுக்குக் குளிருமா என்று ஒரு நாளாவது கேட்டிருப்பானா?

சாப்பாட்டுக் கரண்டியால் அதைத் தூக்கி, பழைய செய்தித்தாளில் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டாள். முடிச்சுப் போடும்போது தாளின் ஓரம் விலகியது.

ஒரு கால் அசைந்தது. மெதுவாக, தூக்கத்தில் யாரையோ கூப்பிடுகிற விரல் மாதிரி.

யார்மிலா பார்த்தாள்.

காற்று என்று சொல்லிக்கொண்டாள். சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. முடிச்சை இறுக்கினாள். அதன் மேல் இன்னொரு முடிச்சு. கீழே கொண்டுபோய்ப் பெரிய குப்பைத் தொட்டியில் போட்டாள். மறுநாள் காலையில் வண்டி வந்து அள்ளிப் போய்விட்டது.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ராதிம் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் இன்னும் இளைத்துக் கிடந்தான்.

"யார்கா, என் பொண்ணுங்க எப்படி இருக்காங்க?"

"உன் பொண்ணுங்களுக்கென்ன, மகாராணியாட்டம் இருக்காங்க. நான்தான் மாடி ஏறி ஏறிச் சாகறேன்."

"ஏறு ஏறு, உடம்பு குறையும். ரூஷேனா சாப்பிட்டாளா?"

வெளியே வைத்து டாக்டர் சொல்லியிருந்தார், மனசு கலங்குகிற மாதிரி எதையும் சொல்லாதீர்கள் என்று. அது அவளுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

"சாப்பிட்டா. சிள்வண்டை விட்டேனா, ஒரே பாய்ச்சல்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "சாப்பிட்டாளா? மூணு வாரமா பட்டினி கெடந்தாளே. பரவாயில்ல, நீ கைராசிக்காரி."

மறுநாள் வியாழன், பாம்புக்குச் சாப்பாட்டு நாள். குளிர்பெட்டியிலிருந்து ஒரு எலியை எடுத்து, ஜாம் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டு, உறைந்தது இளகியதும் இடுக்கியில் பிடித்து நீட்டினாள். ஷ்னூரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து, பக்கத்துக் காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

டிக்.

சூட்டு விளக்கு அணையும்போது அப்படித்தான் சத்தம் வரும்.

டிக். டிக்.

சூட்டு விளக்கின் ஒயரை அவளே திங்கட்கிழமை பிடுங்கி வைத்திருந்தாள்.

குனிந்து பார்த்தாள். காலிப் பெட்டிக்குள், வெள்ளை விரிப்பின் மேல், ஒரு சிலந்தி கிடந்தது. இல்லை, சிலந்தியின் தோல். எட்டுக் காலும் மயிரும் நகமும் அப்படியே, உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. தொட்டால் ஈரமாக இருந்தது.

அதை ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, ராதிம் எலி வாங்குகிற கடைக்குப் போனாள். கழுத்தில் பல்லி பச்சை குத்திய கடைக்காரன் டப்பாவைத் திறந்ததும் சிரித்தான்.

"அட, கிழவி புதுச் சட்டை போட்டுட்டாளா! ராதிம்கிட்ட சொல்லுங்கம்மா, பலகைக்குப் பதினஞ்சாவது ஆச்சுன்னு."

"சட்டையா?"

"தோல் உரிக்கறதும்மா. வளரும்போது பழசக் கழட்டிடும். பாம்பு மாதிரிதான்."

"அப்போ... மல்லாந்து கெடந்தா செத்துப்போச்சுன்னு இல்லையா?"

"சாகறப்போ குப்புற உக்காந்து காலை அடியில மடக்கிக்கும். மல்லாந்து கெடந்தா உரிக்கப்போறான்னு அர்த்தம். அப்போ தொடவே கூடாது. வருஷத்துக்கு ரெண்டு பேராவது உசுரோட குப்பையில போட்டுட்டு இங்க வந்து அழுவாங்க." தோலை விரலால் தொட்டான். "இது நேத்து உரிச்சது. இன்னும் காயல பாருங்க."

குப்பை வண்டி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

கடை வாசலில் நிற்கும்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் ராதிம் போனில் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள், போனைத் தோளில் இடுக்கி. "யார்கா, தலைகீழா கெடந்தா தொடாத. ஒரு நாள் முழுக்க ஆனாலும் தொடாத. கேக்குதா?" கேட்குது கேட்குது என்றாள். எண்ணெய் பொரிகிற சத்தம்தான் கேட்டது.

சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போனபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அவன் கேட்டான், "ரூஷேனா உரிச்சிட்டாளா? அந்த நேரந்தான்." அவள் வாய் தானாகத் திறந்தது. "உரிச்சிட்டா. நல்லா வளந்திருக்கா." அவன் கண் நிறைந்துவிட்டது. "என் தங்கம்" என்றான். சிலந்தியைச் சொன்னானா அக்காவையா என்று தெரியவில்லை.

ஞாயிறு மதியம் பெட்டிக்குள் இன்னொரு தோல் இருந்தது.

இது சாப்பாட்டுத் தட்டு அளவு. கால்கள் நான்கு பக்கக் கண்ணாடியிலும் மடிந்து முட்டிக்கொண்டிருந்தன. இப்படி ஒன்று அந்தப் பெட்டிக்குள் உயிரோடு இருந்திருக்கவே முடியாது. மூடி பூட்டியபடிதான் இருந்தது. ஷ்னூரா பெட்டியின் மறு கோடியில், நாருக்கு அடியில் புதைந்து, வால் நுனி மட்டும் வெளியே தெரிய ஒளிந்திருந்தது.

பொய் சொன்னால் வளர்கிறது. யார்மிலாவுக்கு அது புரிய யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மறுநாள் சிகிச்சை என்றிருக்க, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னது சொன்னதுதான். ஆனால் இவன் கத்திக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டால், அந்தப் பொய்யை எந்தப் பெட்டியில் அடைத்து வைப்பது?

"ராதிம், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்டா. மல்லாந்து கெடந்தா. செத்துட்டான்னு நெனச்சுக் குப்பையில போட்டுட்டேன்."

அவன் அவள் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டான். சின்ன வயதில் கெண்டை வெட்டும்போது பட்ட கத்தித் தழும்பு அவள் கட்டைவிரலில் உண்டு. அதைத் தடவினான்.

"தெரியாமத்தான செஞ்ச. விடு. அழாத, மூக்கு சிவந்தா நீ கோமாளி மாதிரி இருக்க."

அவள் சிரித்தாள், அழுதாள். கால் அசைந்ததை மட்டும் சொல்லவில்லை. மன்னிப்பு கிடைத்துவிட்டதே, இனி எதற்கு என்று தோன்றியது.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. வியாழக்கிழமை யார்மிலா ஆறு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள் என்றே சொல்லலாம். எலியை வெந்நீரில் போட்டாள். திரைச்சீலையை முதல் முறையாக விலக்கினாள். குளிர்காலத்து மதிய வெயில் அறைக்குள் விழுந்தது. பெட்டி காலியாக இருந்தது, பயப்பட ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. ராதிம்தான், குரல் நூலாக இருந்தது.

"யார்கா... மயக்கத்துல அவளைப் பாத்தேன். எங்கயோ இருட்டுல கெடக்கறா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஜமாச் சொல்லு. நீ எடுக்கும்போது அவ அசையவே இல்லதான?"

யார்மிலா வலது கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தில் யாரோ போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

சொல்லிவிடலாம். இப்போதே, ஒரு வார்த்தை.

"அசையலடா. கல்லு மாதிரி கெடந்தா. நீ தூங்கு."

"சரி," என்றான். "அது போதும்." போனை வைத்துவிட்டான்.

டிக்.

அவளுக்குப் பின்னால்.

திரும்பினாள். காலிப் பெட்டியின் வெள்ளை விரிப்பின் மேல் ஒரு தோல் மல்லாந்து கிடந்தது. வெயில் அதன் வழியாக ஊடுருவிப் போயிற்று. எட்டுக் கால் இல்லை.

ஐந்து.

மணிக்கட்டுவரை கழற்றிப் போட்ட கையுறை மாதிரி இருந்தது. ரேகை எல்லாம் தெளிவாக. நகம் எல்லாம் அதனதன் இடத்தில். கட்டைவிரலில் ஒரு கத்தித் தழும்பு.

யார்மிலா தன் வலது கையை மேலங்கிப் பைக்குள்ளிருந்து வெளியே எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உள்ளே அது ஈரமாக, மிருதுவாக, காற்றுப் பட்டாலே எரியும் போல இருந்தது.

சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

கண்ணாடிக்குள் ஒரு விரல் அசைந்தது. மெதுவாக.

யார்மிலா பார்த்தாள்.