படைக்காத பாவாடை

கயிறு இல்லாத ராட்டினம் க்ரீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

கூடத்தில் பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்த அமிர்தம் நிமிர்ந்து பார்த்தாள். கொல்லைக் கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றைக் காலையில் அவளேதான் உருவிப் படுக்கை மூட்டையைக் கட்டியிருந்தாள். காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த பிற்பகல். வானம் கறுத்து, வீடு முழுக்கச் சுண்ணாம்பின் காரநெடியும் ஈரச்சுவரின் வாடையும் நிறைந்து, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் நீரின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கொல்லை முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. அவள் மறுபடி குனிந்து அடுக்குச்சட்டியை எடுத்துச் சாக்குக்குள் வைத்தாள்.

எல்லாம் அவசரம். அவள் புருஷன் சடையப்பன் கடலூர் முதுநகரில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. ஆபீசையே விசாகப்பட்டினத்துக்கு மாற்றுகிறோம், வருகிறவன் வரலாம், மற்றவன் வீட்டைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சடையப்பனுக்கு எதையும் ஆற அமரச் செய்யத் தெரியாது. தன் கல்யாணத்துக்கே தாலியை வீட்டில் வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போன மகானுபாவர். சிதம்பரத்தில் இருந்த தகப்பனார் வீட்டை விற்க ஆள் பிடித்து, வெள்ளையடிக்க ஆள் பிடித்து, சாமான்களை ரயிலில் போட்டு, மிச்சத்தைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டுக் கணக்கை ஒப்படைத்துவிட்டு நாளைக் காலை பத்திரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று கடலூருக்கு ஓடியிருந்தார்.

ஆனாலும் அமிர்தத்துக்கு இந்த அவசரம் பிடித்திருந்தது. மகள் அஞ்சலைக்கு ஏழு வயது. அந்த வயது வந்ததிலிருந்து அவளைக் கிணற்றுப் பக்கம் அமிர்தம் விடுவதே இல்லை. சடையப்பனின் தங்கை சௌந்தரம் ஏழு வயதில்தான் அந்தக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். அமிர்தம் இந்த வீட்டில் காலடி வைப்பதற்கு முன்பே நடந்தது அது. நாளைக்குள் வீட்டை முடித்துக் கொடுத்துவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிணற்றை விட்டுத் தொலைதூரம் போய்விடலாம். அதற்காக எந்தப் பாடும் படத் தயாராக இருந்தாள்.

வீட்டை வாங்குகிறவர் பரங்கிப்பேட்டை கிபாயத்துல்லா. தங்கமான மனிதர். வீட்டைச் சுற்றிப் பார்த்து எல்லாம் திருப்தி என்றவர், கிணற்றடியில் மட்டும் தயங்கி நின்றார்.

"எங்க வூட்ல சின்னப் புள்ளைங்க ஜாஸ்திம்மா. கெணத்த மட்டும் மூடிக் குடுத்துடுங்க. நாளைக்குக் காலைல வந்து ரிஜிஸ்தர் பண்ணிக்கறேன்" என்றார்.

அவரிடம் யாரும் சௌந்தரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. விற்கிற வீட்டில் அதையெல்லாம் யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

கிளம்பும்போது சடையப்பன் வாசலில் நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மூடறதுக்கு முன்னாடி சௌந்தரத்த அழைச்சி வெளிய எடுத்துடு. உள்ள வெச்சி மூடிடாத."

"உங்க தங்கச்சிதான? நீங்க இருந்து செய்யக் கூடாதா?"

"அண்ணிக்காரி அழைச்சாதான் அவ வருவா. வருசா வருசம் நீதான அழைக்கற?"

உண்மைதான். கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்ணை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். நீர்நிலைக்குப் போய்ப் பேர் சொல்லி அழைத்து, அவளைக் குடத்துத் தண்ணீரில் ஏற்றித் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்து மணைப்பலகையில் வைக்க வேண்டும். அவள் வந்துவிட்டால் குடம் கனக்கும். பிறகு அவளுக்கென்று எடுத்த புதுத்துணியையும் பூவையும் வைத்துப் படைக்க வேண்டும். படைத்து முடித்த பிறகு அந்தத் துணியை வீட்டுப் பெண்கள் யாரும் உடுத்தலாம். அதற்கு முன்னால் விரல்கூடப் படக் கூடாது. சௌந்தரத்துக்கு வருஷம் தவறாமல் ஒரே அளவில் சின்னப் பாவாடை எடுப்பார்கள். இந்த வருஷத்து அரக்குப் பாவாடை, மணைமேல் மஞ்சள் தடவி மடித்து வைத்திருந்தது.

உள்ளறையில் தடாலென்று சத்தம் கேட்டது.

அமிர்தம் ஓடிப்போய்ப் பார்த்தாள். சுண்ணாம்புத் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. நடுவில் அஞ்சலை, தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக, அழலாமா சிரிக்கலாமா என்று விழித்துக்கொண்டு நின்றாள். வெள்ளையடிக்க வந்த லூர்துசாமி மட்டையைக் கையில் பிடித்தபடி தலையிலடித்துக்கொண்டார்.

"வாண்டாம் பாப்பான்னு சொல்லிக்கினேதாம்மா இருந்தேன். சீக்கிரம் கழுவுங்க, ஒடம்பு வெந்துடும்."

ஏனத்தில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி அவளைக் கழுவினாள் அமிர்தம். காதோரம் கன்னத்தில் ஒரு திட்டு மட்டும் போகாமல் நின்றது. அதை எண்ணெய் வைத்துத் துடைக்கலாம் என்று விட்டுவிட்டாள். பிள்ளை குளிரில் வெடவெடவென்று நடுங்கியது. மாற்றுடுப்பு எடுக்கத் திரும்பியபோதுதான் நினைவு வந்தது. துணி வைத்த டிரங்குப் பெட்டி காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. இவள் கட்டியிருந்த புடவையும் முழுக்க நனைந்திருந்தது, படுக்கை மூட்டையிலும் ஓட்டு ஒழுக்கு இறங்கியிருந்தது. வீட்டில் உலர்ந்த துணி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை கண்ணெதிரே பல் கிட்டி நடுங்குகிறது. சௌந்தரமும் குழந்தைதானே, கோபித்துக்கொள்ளவா போகிறாள்? அழைத்து வந்ததும் கழற்றி மணையில் வைத்துவிடலாம். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பாவாடையை எடுத்து மகளுக்குக் கட்டிவிட்டாள்.

அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. போன வருஷம்வரை அஞ்சலை அந்தப் பாவாடைகளுக்குக் குள்ளம். சௌந்தரம் வளரவில்லை. இவள் வளர்ந்து வளர்ந்து அவளை எட்டிப் பிடித்துவிட்டாள். அந்த நினைப்பு வந்ததும் அமிர்தம் பாவாடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஈரமா இருக்கும்மா" என்றாள் அஞ்சலை.

"புதுத்துணிடி. எங்க ஈரம்?"

தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்று உலர்ந்துதான் இருந்தது.

"சில்லுன்னு இருக்கு. பாசி நாத்தம் வருது."

"வாய மூடிக்கினு ஒக்காரு. இந்த எடத்த வுட்டு அசையாத, அம்மா இதோ வந்துடறேன்."

லூர்துசாமி கொல்லைப்பக்கம் வந்து நின்றார். வெளியே சந்தில் கிணற்றைத் தூர்க்க மண்ணும் உடைகல்லும் ஏற்றிய வண்டிகள் அவருடைய ஆட்களோடு காத்திருந்தன.

"நாங்க போயி டீ குடிச்சிட்டு வந்துடறோம். அதுக்குள்ள நீங்க சாமி கும்பிட்டு முடிச்சிடுங்கம்மா. இருட்டிச்சின்னா வேல ஆவாது."

அவர்கள் போனதும் வீடு ஒரேயடியாக அடங்கிவிட்டது. அமிர்தம் மூட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்து ராட்டினத்தில் மாட்டினாள். குடத்துக்கு மஞ்சள்நூல் சுற்றி, வேப்பிலை செருகி, கற்பூரத்தைக் கொளுத்திக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் குனிந்தபோது குளிர்ந்த மூச்சு ஒன்று முகத்தில் பட்டது. பாசியும், வாடிய கதம்பமும், வெகுநாள் மூடிவைத்த துணியும் கலந்த வாடை. மழையில் தண்ணீர் நிறைய ஏறியிருந்தது. குடம் இறங்கியது, தண்ணீரைத் தொட்டது, சாய்ந்தது.

"சௌந்தரம்! அண்ணி அழைக்கிறன். வாம்மா."

ஓட்டிலிருந்து நீர் சொட்டியது.

"சௌந்தரம், வீட்ட வுட்டுப் போறோம். நீயும் வந்துடு தாயி."

பதில் இல்லை. எப்போதும் இருக்காதுதான். கயிற்றில் ஒரு கனம் மட்டும் ஏறும், அவ்வளவுதான். அமிர்தம் மூன்றாம் முறையாக வாயெடுத்தாள்.

"சௌந்தரம், வா."

"வந்துட்டேன்."

முதுகுக்குப் பின்னால். வீட்டுக்குள்ளிருந்து.

அஞ்சலையின் குரல்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் சனியன், உள்ளே போய் முதுகில் நாலு வைக்க வேண்டும் என்று அமிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. கயிற்றை இழுத்தாள். குடம் விறுவிறுவென்று மேலே வந்தது. விளிம்புவரை தண்ணீர் தளும்பியது. ஆனால் கனமே இல்லை. வெறுங்குடத்தைத் தூக்குவதுபோல் ஒற்றைக் கையில் வந்தது.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள். அறை இருட்டாக இருந்தது. புதுவெள்ளை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. குடத்தை வைக்க வேண்டிய மணைமேல் அஞ்சலை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி. அதுல போயி ஒக்காரலாமா?"

அவள் எழுந்திருக்கவில்லை. தலைமயிரிலிருந்து நீர் சொட்டியது. துவட்டிவிட்ட தலை. பாவாடை நனைந்து மணையைச் சுற்றிக் குளம் கட்டியிருந்தது.

அமிர்தம் கிட்டப் போனாள். கன்னத்தைப் பார்த்தாள். சுண்ணாம்புத் திட்டு இல்லை.

"இத்தன நாளா கும்பிட்டுட்டுத் திருப்பி அனுப்பிட்டீங்களே" என்றது குழந்தை. "இப்பதான் எனக்கு எடம் குடுத்தீங்க அண்ணி."

குடம் கையை விட்டு நழுவி உருண்டது. தண்ணீர் கொட்டவில்லை. குடத்துக்குள் ஒன்றுமே இல்லை.

"எம்பொண்ணு எங்கடி?"

குழந்தை கொல்லைப்பக்கம் பார்த்தது.

அப்போது கேட்டது. ஆழத்திலிருந்து, கல்சுவரில் மோதி மோதி ஏறி வரும் குரல்.

"அம்மா... இருட்டா இருக்கும்மா..."

ஓடினாள். நிலைப்படியில் இடறினாள். கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்தாள். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கீழே, கறுத்த தண்ணீருக்கு மேல் ஒரு சின்ன முகம். காதோரம் வெள்ளைத் திட்டு. இரண்டு கைகள் பாசிச்சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி வழுக்கின.

"அஞ்சல! கயித்தப் புடிடி! புடிச்சிக்கடி என் ராசாத்தி!"

கயிற்றை உள்ளே இறக்கினாள். கீழே விரல்கள் கயிற்றைத் தொட்டன. பிடிக்கவில்லை. கயிறு விரல்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மறுபடி தொட்டன. மறுபடியும் அப்படியே.

சந்தில் பேச்சுக்குரல். லூர்துசாமியும் ஆட்களும் திரும்பிவிட்டார்கள். வண்டி கொல்லைக்குள் நுழையும் சத்தம். அமிர்தம் கத்தத் திரும்பினாள்.

இடுப்பில் ஏதோ ஏறியது.

ஈரமாக. சில்லென்று. ஒரு கை கழுத்தைச் சுற்றி வளைத்தது. இன்னொரு கை, சின்னஞ்சிறு உள்ளங்கை, அவள் வாய்மேல் அழுந்திப் படிந்தது. பாசியின் வாடை மூக்கை அடைத்தது. கனம். அவள் ஆயுளில் தூக்கியறியாத கனம். கால்கள் மண்ணில் ஊன்றிப்போயின. விரல்நுனிகூட அசையவில்லை.

லூர்துசாமி அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். தாய் இடுப்பில் மகள். அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"கும்பிட்டாச்சாம்மா? ஆரம்பிக்கலாமா?"

கீழே அழுகை கேட்டது. அமிர்தத்துக்கு மட்டும் கேட்டது. அந்த உள்ளங்கைக்குப் பின்னால் அவள் வாய் திறந்து திறந்து மூடியது. கண்ணால் கெஞ்சினாள். அவருக்குப் புரியவில்லை, வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொட்டுங்க" என்றது இடுப்பிலிருந்த குழந்தை, அஞ்சலையின் குரலில். "அம்மா கொட்டச் சொல்றாங்க."

முதல் கூடை சரிந்தது. கல் விழுந்தது. தண்ணீர் சிதறியது.

"அம்மா, மேல வுழுது. போதும்னு சொல்லும்மா."

இரண்டாவது கூடையை ஆட்கள் தோளுக்குத் தூக்கினார்கள்.