வேன் இல்லாமல் வந்தவன்

அன்று காலை அந்தத் தெருவோரத்தில் இருந்தவர்கள்:

மெக்கானிக் ஒருத்தி. வயது முப்பத்தொன்று. சட்டைப்பையில் மூன்று ஸ்க்ரூடிரைவர்.

அவளுடைய அண்ணன். மழையில் இறங்கமாட்டேன் என்று வேனின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

குடை இல்லாத ஒருவன்.

இவர்களோடு, யாரோ வேண்டாம் என்று வெளியே தள்ளிய ஒரு பழைய டிஷ்வாஷர். நாலு சக்கரம், மேலே மரப்பலகை, கடுகு நிறப் பெயின்ட். குழாய்ப் பக்கம் உருட்டிக்கொண்டுபோய், ரப்பர் டியூபை மாட்டி, பாத்திரத்தைக் கழுவிக்கொள்கிற வகை. நாற்பது வயதாவது இருக்கும்.

வேண்டாத சாமான்களை வீட்டு வாசலில் வைக்கும் நாள் அது. மெஷினின் ஒரு மூலையில் அவள் கை. எதிர்மூலையில் அவன் கை.

"கையை எடுங்க," என்றாள்.

"நீங்க எடுங்க. நான்தான் முதல்ல வந்தேன்."

"முதல்ல வந்தது மழை. அதுகிட்டயே குடுத்திடலாமா?"

அவன் சிரிக்கவில்லை. இமையில் ஒரு மழைத்துளி நின்றது. துடைக்கவும் இல்லை... துடைக்கக் கை வேண்டுமே. இரண்டு கையும் மெஷின்மேல் இருந்தன. அந்தத் துளிக்குப் பின்னால் இருந்த கண்கள் அவளை ஒரு குற்றப்பத்திரிகை படிப்பதுபோல் படித்தன.

இவன் மோட்டாரை உடைத்துச் செம்பை உரித்து எடைக்குப் போடுகிற ஆள். அவள் முடிவே செய்துவிட்டாள்.

"இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"பாத்திரம் கழுவப் போறேன். வேற எதுக்கு?"

"செம்பை உரிக்க."

"மூணு ஸ்க்ரூடிரைவரோட நிக்கிறது நீங்க. உரிக்க வந்த ஆள் மாதிரி நானா தெரியறேன்?"

வேன் கண்ணாடி நாலு விரல் இறங்கியது. "குட்டி, சண்டையை முடிச்சுட்டு ஏத்து. இல்ல விட்டுட்டு வா. எனக்குப் பசிக்குது!"

குடை இல்லாதவன் குரலைக் கொஞ்சம் தணித்தான். தங்கச்சிக்கு மணிக்கட்டு உடைந்து உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் கை வைக்கக் கூடாது. அவன் பகல் முழுக்க வெளியே சுற்றுகிறவன். வீடு பாத்திரமாய்க் குவிந்து கிடக்கிறது. சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நன்றாகத்தான் சொல்கிறான். நன்றாகச் சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவளுக்கு நிச்சயம் வரை போன ஒருவன் இதைவிட நன்றாகச் சொன்னான். அவன் சொன்ன வேலை இல்லை, சொன்ன வீடு இல்லை, இன்னொரு ஊரில் மனைவி மட்டும் இருந்தாள். அதற்குப் பிறகு எந்த மெஷினையும் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் அவள் நம்பியதில்லை. ஆண்களுக்குப் பின்பக்கத் தகடு கிடையாது. அதுதான் சிக்கல்.

"டெஸ்ட் பண்ணாம யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்றாள். "ஓடுச்சுன்னா உங்க தங்கச்சிக்கு. ஓடலைன்னா எனக்கு."

"அது ஓடுதா இல்லையான்னு யார் சொல்றது?"

"நான்தான்."

"அப்போ நானும் கூட இருப்பேன். ரிப்பேர்காரங்க சொல்றதை நான் நம்பறதில்லை."

"ஏன், நீங்க யாரு?"

"சர்வேயர். வீட்டுல தண்ணி புகுந்துடுச்சுன்னு இன்ஷூரன்ஸ் கேட்டு வர்றாங்கல்ல... அது நிஜமா பொய்யான்னு போய்ப் பார்க்கிற ஆள்."

ஆக, ஊரில் சந்தேகப்படுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் இரண்டு பேர். விளங்கிவிடும்.

*

அவள் அண்ணனின் ரிப்பேர்க் கடைப் பின்னறையில் மெஷினை இறக்கினார்கள். முதல் நாள் அவள் கரண்ட் கொடுக்கவே இல்லை. அடித்தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி அப்படியே விட்டுவிட்டாள்.

"ஏன் ஓட்டலை?" உடனே சந்தேகம் அவனுக்கு.

"பம்புல ரப்பர் சீல் இருக்கு. வருஷக்கணக்கா காஞ்சு கிடந்தது. நேரா சுத்தவிட்டா கிழிஞ்சு போகும். ஒரு நாள் ஊறட்டும். நாளைக்கு வாங்க."

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வந்தான். மோட்டார் சுற்றியது. கதவோரம் தண்ணீர் கசிந்தது. ரப்பர் மாற்ற வேண்டும் என்றாள். பழைய ரப்பரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், வெடிப்புகளை எண்ணினான், பிறகுதான் தலையாட்டினான். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தான் செய்வதைத்தான் அவன் செய்கிறான்...

இரண்டாவது ஞாயிறு முழு டெஸ்ட். முட்டை மஞ்சள்கருவைத் தட்டுகளில் தடவி ராத்திரி முழுக்கக் காயவிட்டிருந்தாள். கோப்பைகளில் டீக்கறை. இப்படிப்பட்ட பழைய மெஷினை முதன்முதலாக முழுசாக ஓடவிடும்போது தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. எது வழியும், எது புகையும் என்று சொல்ல முடியாது. ஸ்விட்ச் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவள் உட்கார்ந்தாள். அவளை நம்பாமல் அவனும் உட்கார்ந்தான். ஒரே பெஞ்ச். நடுவில் ஒரு வாளி. ஒரு மணி நேரம், பத்து நிமிஷம்.

"போர் அடிக்குதுன்னா போலாம்," என்றாள்.

"போனா தட்டை மாத்திடுவீங்க."

"உங்களைப் பத்தி யாராவது எப்பவாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்காங்களா?"

"போன வருஷம் ஒருத்தர் சொன்னார். அவர் இன்ஷூரன்ஸ் க்ளைமும் பொய்தான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் விசாரணை இல்லை. இமைகள் ஒருமுறை தாழ்ந்து எழுந்தன, அவ்வளவுதான்... வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. உள்ளேயும் தண்ணீர்ச் சத்தம். இரண்டில் எது எது என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுற்றுகிற டயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மெதுவாகச் சுற்றக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

தட்டுகள் பளிச்சென்று வந்தன. அவன் ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"பாஸ்," என்றான். "அடுத்த ஞாயிறு வேன் கொண்டுவந்து எடுத்துட்டுப் போறேன்."

அவ்வளவுதானா. மெஷின் போகும். இவனும் போவான்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போனபோது அவள் தரையில் படுத்து, மெஷினுக்கு அடியில் கையை விட்டாள். தண்ணீர் உள்ளே வர வால்வு திறக்க வேண்டும். அந்த வால்வுக்குப் போகிற ஒயர் ஒன்று, நீல நிறம். பிடித்து இழுத்தாள். க்ளிக் என்று கழன்றது.

பதினொரு வருடத் தொழிலில் முதல்தடவையாக, ஓடுகிற மெஷினை ஓடாமல் பண்ணினாள்.

*

மூன்றாவது ஞாயிறு அவன் வாடகை வேனோடு வந்தான். டயலைத் திருகினார்கள். உறுமல் கேட்டது, தண்ணீர் வரவில்லை.

"வால்வு போயிடுச்சு போல," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "பழைய மாடல். பார்ட் கிடைக்க ரெண்டு வாரமாவது ஆகும்."

அவன் டார்ச்சை எடுத்துக் குனிந்தான். ரொம்ப நேரம் குனிந்திருந்தான். எழுந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"சரி," என்றான்.

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. ரப்பர் வெடிப்பை எண்ணின மனிதன்!

நான்காவது ஞாயிறும் வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். டீ குடித்தான். கூரையிலிருந்து பாத்டப் விழுந்துவிட்டதாகச் சொன்ன ஒரு கிழவரைப் பற்றிக் கதை சொன்னான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். போய்விட்டான்.

அண்ணன் டீ கிளாஸை எடுத்துக்கொண்டே கேட்டான். "கவனிச்சியா?"

"என்னத்தை?"

"வேன் இல்லாம வந்திருக்கான். பார்ட் வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேக்கலை. கை உடைஞ்ச தங்கச்சி வீட்டுல இருக்கா, இவன் இங்க உக்காந்து பாத்டப் கதை சொல்றான். அந்தத் தங்கச்சியை நீ பார்த்திருக்கியா?"

"இல்ல..."

"நானும் பார்க்கலை. தங்கச்சியோ, பொண்டாட்டியோ, யார் கண்டா? ஒரு தடவை பட்டது போதாதா, குட்டி? இன்னொரு தடவை உன்னைத் தேத்திக் கொண்டுவர என்னால முடியாதுடா."

கடைசி வரி அவளைக் குத்தியது. அந்த வருடம் அண்ணன்தான் அவளை அதட்டி அதட்டிச் சாப்பிட வைத்தான். அதை அதற்கு முன் ஒருநாளும் அவன் சொல்லிக்காட்டியதில்லை.

*

ஐந்தாவது ஞாயிறு சர்வேயர் கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். நீல ஒயரை மாட்டி, மெஷினை வேனில் ஏற்றி, ரசீதுப் புத்தகத்தில் அவன் எழுதியிருந்த விலாசத்துக்கே போனாள். மூன்றாவது மாடி. லிஃப்டில் மெஷினும் அவளும் மட்டும். கதவைத் திறப்பவள் கழுத்தில் என்ன இருக்கும், இடுப்பில் குழந்தை இருக்குமா... எல்லாவற்றுக்கும் தயாராக மணியை அழுத்தினாள்.

திறந்தவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். வலது கையில் கட்டு. மூக்கும் கண்ணும் அப்படியே அவன்.

தங்கச்சி நிஜம். அவளுக்கு மூச்சு வந்தது.

"மெஷினை டெலிவரி பண்ண வந்தேன். உங்க அண்ணன் கேட்டது."

"இதுவா?" தங்கச்சி கடுகு நிறத்தைப் பார்த்தாள். "எதுக்குக்கா? எங்ககிட்ட புதுசு இருக்கே. அண்ணன் வாங்கிப் போட்டு ரெண்டு வாரம் ஆகுது!"

வந்த மூச்சு மறுபடி நின்றது. ஆக, பொய். இதோ பின்பக்கத் தகடு. கழன்றுவிட்டது.

"அவரைக் கூப்பிடுங்க."

"அண்ணா! அரைமணி நேரமா வாரினது போதும், வா! மெஷின் பார்க்கப் போறேன்னு சொன்னியே, மெஷினே உன்னைப் பார்க்க வந்திருக்கு!"

அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சீப்பு. அவளைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"புதுசு எப்போ வாங்கினீங்க?"

"மூணாவது ஞாயிறு. உங்க கடையிலேருந்து நேரா போய்..."

"அப்புறம் எதுக்கு என் கடைக்கு வந்தீங்க? எதுக்கு நடிச்சீங்க? நான் என்ன, உங்களுக்குப் பொழுதுபோக்கா?"

"நீல ஒயர் தானா கழலாது," என்றான் அவன்.

அவள் மெஷினின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கிளிப் அவ்வளவு இறுக்கம். யாரோ பிடுங்கினாத்தான் வரும். கிரீஸ்ல ஒரு கட்டைவிரல் அடையாளம் இருந்துது, குறுக்கே ஒரு தழும்போட."

அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். காலம் கடந்துவிட்டது.

"பொய் க்ளைமைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. எட்டு வருஷமா ஒண்ணைக்கூட விட்டதில்லை. இதை விட்டேன். தங்கச்சி காத்திருக்க முடியாது, அதான் அவளுக்குப் புதுசு வாங்கிட்டேன். அப்புறம் நீங்க எத்தனை ஒயர் வேணும்னாலும் பிடுங்கலாமேன்னு..." குரல் தாழ்ந்தது. "உங்களைப் பிடிச்சிருக்கு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. மெஷினைச் சாக்கு வெச்சு வந்துட்டே இருந்தேன்."

தங்கச்சி கதவில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதுவும் பொய்யாக இருந்தால்? இருக்கலாம். ஊறவைக்கலாம், ரப்பரை மாற்றலாம், எல்லாவற்றையும் சரிபார்க்கலாம். கடைசியில் கரண்ட் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். வேறு வழி எந்த மெஷினுக்கும் கிடையாது.

"நான்தான் பிடுங்கினேன்," என்றாள்.

"தெரியும். ஏன்னுதான் தெரியலை."

"வேன் கொண்டுவர்றேன்னு சொன்னீங்களே..." கண் நிறைந்துவிட்டது, சனியன். "மெஷின் போயிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன். போதுமா? எனக்கும் பிடிச்சிருக்கு. எழுதிக்கோங்க உங்க ரிப்போர்ட்டுல."

எங்கோ கீழே லிஃப்ட் கதவு மூடியது. அவன் அவளைப் பார்த்தான். இரண்டாவது ஞாயிறு பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அய்யோ, சாமி," என்றாள் தங்கச்சி. "ரெண்டு மெஷினுக்கு எங்க வீட்டுல இடம் இல்ல. அண்ணா, நீ இதையும் இவங்களையும் கூட்டிட்டுப் போய் எங்கயாவது உக்காந்து பேசு. அண்ணி, எங்க அண்ணன் வாயைத் திறக்க நாலு வாரம் எடுத்திருக்கு. இன்னிக்கு விட்டுடாதீங்க!"

"ஏய், என்னடி அண்ணி, கிண்ணி..." என்று அவன் திரும்புவதற்குள், தங்கச்சி கட்டுப்போடாத கையை அவன் முதுகில் வைத்து வெளியே தள்ளினாள். கையில் சீப்போடு, காலில் செருப்பில்லாமல், அவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டில் சாவி இரண்டு தடவை திரும்பியது.