தையலைப் பிரிக்க வந்தவன்

மேற்கே சூரியன் மறையத் தொடங்கியதும் கிழக்கே தென்னந்தோப்புக்கு மேல் பூரண சந்திரன் எழும்பி வர, கொள்ளிட நதியின் ஒரு பாதி செம்பொன்னாகவும் மறு பாதி வெள்ளியாகவும் தகதகத்துக்கொண்டிருந்த அந்த ரம்மியமான அந்தி வேளையில், வெண்கரைக் கோட்டையின் மதில்மேல் விரிந்து கிடந்த கூடாரத் துணியின் நடுவே ஒரு வாலிப வீரன் கையில் ஊசியோடு உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான் என்றால், அன்பார்ந்த வாசகர்களே, நீங்கள் நம்பத்தான் வேண்டும். அவன் பெயர் இளவெயினன். சோழ சேனையில் வாள்வீச்சுக்குப் பேர்போனவன். மூளை விஷயத்தில் அவ்வளவாக இல்லை.

பகைவன் கொங்கரையனின் இந்தக் கோட்டைக்கு அவனை ஒற்றனாக அனுப்பிய சேனாபதி கண்டன் மாராயர், வாய் நிறையத் தாம்பூலத்தை அதக்கிக்கொண்டு அவன் காதில் ஓதியது இவ்வளவுதான்: "கூடாரம் தைக்கும் இடத்தில் இருக்கும் தையலைப் பிரித்துக்கொண்டு வா. பௌர்ணமி தாண்டினால் உன் தலை உனக்கில்லை."

விளக்கம் கேட்க வீரனுக்கு வெட்கம். கூடாரத் தையலுக்குள் ஏதோ இரத்தினம் ஒளிந்திருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டு, தையல் வேலை தெரியும் என்று புளுகி உள்ளே நுழைந்துவிட்டான், அசடு.

பிரிப்பதென்னவோ சுலபமாகத்தான் இருந்தது. பிரித்த இடத்தில் ஒன்றும் அகப்படாதபோது, யாரும் சந்தேகப்படாமல் மறுபடி தைத்து வைக்க வேண்டியிருந்ததே, அங்கேதான் வந்தது வினை. அவன் நீள நீளமாக இழையோட்டியதெல்லாம் முதல் காற்றுக்கே பிளந்துகொள்ள, கொங்கரையனின் சாப்பாட்டு இலைமேல் கூடாரம் விழுந்தது. அங்கே தையல் வேலையை நடத்திவந்த தென்னவல்லி என்ற பெண் அவனை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். நூலுக்கு மெழுகு பூசச் சொன்னாள். விளிம்பை மடித்துப் பிடிக்கச் சொன்னாள். ஊசி ஓர் எட்டு முன்னே போனால் அரை எட்டு பின்னே வந்து குத்தி ஏற வேண்டும், இழுக்கும்போது துணி சுருங்கவும் கூடாது, நூல் தளரவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். கோணலாகப் போனால் அவளே பிரித்தும் போடுவாள். அப்போதெல்லாம் இளவெயினன் உள்ளே ஏதாவது மின்னுகிறதா என்று எட்டிப் பார்ப்பான். விரலெல்லாம் ஊசிக் குத்து. நாளாக ஆகத் தையல் நேராகிக்கொண்டு வந்தது. அவளைப் பார்க்கும்போது மனசுதான் கோணிக்கொண்டு போயிற்று.

இன்று பௌர்ணமி. கடைசித் தையலையும் பிரித்துப் பார்த்துத் திரும்பத் தைத்தும் முடித்துவிட்டான். ஒரு பாசிமணிகூட இல்லை. தலை போகப்போகிற துக்கத்தில், அருகே வந்த தென்னவல்லியிடம் தான் ஒற்றன் என்பதையும், சேனாபதியின் கட்டளையையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. தான் நல்லாற்றூர் வேளின் மகள் என்றும், கொங்கரையனை மணக்க மறுத்த குற்றத்துக்காகச் சிறைப்பட்டுக் கூடாரம் தைப்பதாகவும், இன்றிரவு கட்டாயத் தாலி ஏறப்போகிறது என்றும், மீட்க வரும் வீரனுக்காக வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதாகவும் படபடவென்று சொன்னாள்.

"தையல் என்றால் பெண் என்று உமக்கு யாரும் சொல்லித் தரவில்லையா? சேனாபதி சொன்ன தையல் நான்தான், ஐயா."

இளவெயினனுக்கு அந்தக் கூடாரம் இப்போது தன் தலையில் விழுந்தாற்போல இருந்தது.

கீழே கல்யாணச் சமையல் வாசனைக்குக் காவலர்களெல்லாம் அடுக்களைப் பக்கம் போயிருந்தார்கள். கூடாரத்தைச் சுற்றிக் கட்டும் நீளத் திரையை எடுத்து, ஒரு முனையைக் கல்தூணில் இறுக்கி, மறுமுனையை மதிலுக்கு வெளியே தொங்கவிட்டான். தென்னவல்லி துணிகள் சேருமிடத்தை நகத்தால் நெருடிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டாள்.

"அடியேன்தான், தேவி."

அவள் கண்ணை மூடிக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டாள். அவன் முதலில் இறங்கிக் கீழே இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். அவள் இறங்கும்போது துணி முறுகியது, காற்றில் ஆடியது. தையல் மட்டும் அசையவே இல்லை. தரையில் கால் ஊன்றியவள் தன் உயிரைத் தாங்கிய அந்தத் தையலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். முதன்முறையாக அவள் அவனைத் திட்டவில்லை.

அக்கரையில் படகை எதிர்பார்த்து நின்ற சேனாபதி, இருவரும் கரையிறங்கியதும் தாம்பூலத்தைத் துப்பிவிட்டு, இம்முறை தெளிவாகவே கேட்டார்: "அடே, தையலைப் பிரித்துக்கொண்டு வந்தாயா?"

இளவெயினன் வாய் திறக்குமுன், ஊசி குத்திப் புண்ணான அவன் விரல்களைத் தென்னவல்லி தன் விரல்களோடு கோத்துக்கொண்டாள்.

"வந்திருக்கிறேன், சேனாபதி. ஆனால் இந்தத் தையலை இனி யாராலும் பிரிக்க முடியாது. இவர் கெட்டியாகப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார்."